பெட்டர்ன் இல்லாமல் மெக்ஸி தைக்கலாமா? கொழும்பு வெயிலுக்கு ஒரு கேள்வி பதில்

நான் போட்டிருக்கும் மெக்ஸியை, அதாவது கணுக்கால் வரை நீளும் சட்டையைப் பார்த்துவிட்டு "எந்தக் கடை?" என்று கேட்பவர்கள், வீட்டில் தைத்தது என்றதும் அடுத்துக் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள்தான். மச்சாள்மார் தொலைபேசியில் கேட்டது, வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டு அக்காமார் படியில் மறித்துக் கேட்டது, எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். கோடை என்று தனியாக ஒரு காலம் கொழும்புக்குக் கிடையாது. மார்ச்சும் ஏப்ரலும் கொஞ்சம் கூடுதலாக அவிக்கும், அவ்வளவுதான். ஆகவே இந்தச் சட்டை வருடம் முழுக்க உதவும். உடம்பு அளவுகளை அங்குலத்திலும் துணியை மீற்றரிலும் சொல்கிறேன், கடையில் அப்படித்தான் நடக்கிறது.

பெட்டர்ன் இல்லாமல் தைத்தால் உடம்பில் ஒழுங்காக நிற்குமா?

நிற்கும். சேலை பிளவுஸ் தோளில், மார்பில், கைக்குழியில், இடுப்பில், மேல் கையில் என்று ஐந்து இடத்தில் உடம்போடு ஒட்டவேண்டும். அதற்குப் பெட்டர்ன், அதாவது கடதாசியில் அளவாகக் கீறிய வெட்டு வடிவம், இல்லாமல் சரிவராது. மெக்ஸி அப்படியில்லை. அது ஓரிரண்டு இடத்தில் பிடித்து நின்றால் போதும், மிச்சம் எல்லாம் தொங்கும் துணி.

எனவே கத்தரிக்கோலை எடுக்கமுன் முடிவுசெய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சட்டை எங்கே பிடித்து நிற்கப் போகிறது? தோளிலா, மார்புக்குக் கீழா, இடுப்பிலா? நான் கீழே சொல்வது தோளில் தொங்கி, இடுப்பில் இலாஸ்டிக்கால் பிடிக்கிற வகை. மேல் பகுதி இரண்டு துண்டு, பாவாடைப் பகுதி இரண்டு நீள்சதுரம். முதல் தடவை தைப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வகையை நான் பார்க்கவில்லை.

எனக்கு நேர்த் தையல் மட்டும்தான் வரும். காணுமா?

காணும். வளைவு வருவது கழுத்திலும் கைக்குழியிலும் மட்டும். மற்றதெல்லாம் நேர்கோடு. வீட்டில் அம்மம்மாவின் கால்மெஷின் இருந்தால் அதுவே போதும். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877-இல். அதனால்தானோ என்னவோ, எங்கள் பழைய வீடுகளில் ஒரு மூலையில் அந்தக் கறுப்பு மெஷின் துணி போர்த்தி நிற்கிறது. எண்ணெய் விட்டு, புது ஊசி போட்டால் பெரும்பாலும் ஓடும். மெல்லிய பருத்திக்கும் ரேயோனுக்கும் 11-ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் தடித்த துணிக்கு 14.

மெஷினே இல்லை என்றாலும் கையால் தைக்கலாம். இழுபடுகிற இடங்களான தோளுக்கும் இடுப்புக்கும் பின்தையல் போடுங்கள், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்துங்கள். நேரம்தான் எடுக்கும்.

என்னென்ன அளவு எடுக்கவேணும்?

மார்பின் சுற்றளவு, இடுப்பின் சுற்றளவு, பின்பக்கம் எடுப்பாக இருக்கிற இடத்தின் சுற்றளவு, தோளிலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து தரை வரை. ஐந்தே அளவு. சட்டைக்கு உள்ளே வழக்கமாகப் போடுவதைப் போட்டுக்கொண்டு எடுங்கள். தரை வரை அளக்கும்போது எந்தச் செருப்போடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். குனிந்து தானே அளந்தால் கணக்குப் பிழைக்கும், வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். டேப் முதுகுப்பக்கம் கீழே இறங்காமல் இருக்கிறதா என்றும் அவர்களே பார்க்கட்டும்.

கணக்குக் காட்ட ஒரு ஆளை வைத்துக்கொள்வோம்: மார்பு 36, இடுப்பு 32, பின்பக்கம் 40, தோளிலிருந்து இடுப்பு 15, இடுப்பிலிருந்து தரை 37. இனி வரும் எண்களெல்லாம் இவருக்கானவை. உங்கள் அளவை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை மீற்றர் வாங்க? கடையில் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லினம்.

முதலில் துணியின் அகலத்தைக் கேளுங்கள். பருத்தியில் அநேகமாக 44 அல்லது 45 அங்குலம், சிலது 58 அல்லது 60. கைத்தறி இன்னும் ஒடுக்கமாகவும் இருக்கலாம். ஆளுக்கொரு கணக்கு வருவது இதனால்தான்.

44 அங்குலத் துணியில் பார்ப்போம். பாவாடை தரையிலிருந்து 2 அங்குலம் மேலே நிற்க, நீளம் 35. கீழ் மடிப்புக்கு ஒன்றரை, இடுப்புத் தையலுக்கு ஒன்று, ஆக 37½. அப்படி இரண்டு துண்டு 75. மேல் பகுதிக்கு 15, தோள் தையலுக்கு அரை, இடுப்புக்கு ஒன்று, கை தூக்கினால் இழுபடாமல் இருக்க இன்னும் ஒன்று, ஆக 17½. முன் துண்டும் பின் துண்டும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டலாம், அதனால் இது ஒரு தடவைதான். மொத்தம் 92½ அங்குலம், அதாவது சுமார் 2.35 மீற்றர். கழுவினால் சுருங்கும், கழுத்துக்குப் பட்டி வேண்டும், பொக்கெட் வேண்டும். 3 மீற்றர் வாங்கிவிடுங்கள். மார்பு 38-க்கு மேல் என்றால் முன்னும் பின்னும் பக்கத்தில் அடங்காது, இன்னும் அரை மீற்றர் சேருங்கள்.

58 அங்குல அகலமென்றால் பாவாடைக்கு ஒரே துண்டே சுற்றி வரும், 1¾ மீற்றரில் காரியம் முடியும். ஆனால் சுருக்கு குறைவாகவும் கீழ்ச்சுற்று ஒடுக்கமாகவும் இருக்கும், அதைப் பற்றிக் கீழே பஸ் கேள்வியில் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: அம்மாமார் "மூன்று யார்" என்று சொல்லி அனுப்புவார்கள். மூன்று யாருக்கும் மூன்று மீற்றருக்கும் 10 அங்குலம் வித்தியாசம்.

புறக்கோட்டைக்குப் போகத்தான் வேணுமா? வெள்ளவத்தையிலேயே எடுக்கலாமே?

எடுக்கலாம். காலி வீதிக் கடைகளில் ஆறுதலாகத் துணியை விரித்துப் பார்க்கலாம், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடிக்கலாம், ஒரு மீற்றர் என்றாலும் முகம் சுளிக்காமல் வெட்டித் தருவார்கள். விலை கொஞ்சம் கூட இருக்கும். புறக்கோட்டையில் மெயின் வீதி, கெய்சர் வீதி, அவற்றை வெட்டிப் போகிற குறுக்குத் தெருக்கள், இங்கேதான் துணி குவிந்து கிடக்கிறது. 100 அல்லது 101 பஸ் எடுத்தால் நேரே போய் இறங்கலாம். ஞாயிறும் பௌர்ணமிப் போயா நாளும் பல மொத்தக் கடைகள் பூட்டு. ஏப்ரல் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரமும் துணி தெரிவு செய்யப் போகிற இடம் அது இல்லை, நசிபடப் போகிற இடம்.

இன்னொரு வழி ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணி. புறக்கோட்டையிலும் மகரகமைக்குப் பக்கத்தில் பமுனுவையிலும் நிறுத்து விற்பார்கள். ஏற்றுமதிக்கு வந்த துணியாதலால் தரம் நன்றாக இருக்கும், அகலமும் நீளமும் அதன் இஷ்டம். வாங்கமுன் முழுவதையும் விரித்து, கறை, நெசவுப் பிழை, நடுவில் வெட்டிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கைத்தறி பிடிக்கும் என்றால் மருதமுனைத் துணி கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் பாவாடைப் பகுதி எழுந்து அழகாக நிற்கும்.

ரேயோன் நல்லதா, கொட்டன் நல்லதா?

முதல் சட்டைக்குப் பருத்தி. கேம்பிரிக், பொப்ளின், கொஞ்சம் அடர்த்தியான வொயில், எதுவும் சரி. வெட்டும்போது நழுவாது, அயன் பண்ணினால் மடித்த இடத்தில் நிற்கும், பிழைத்தால் பிரித்துத் தைத்தாலும் ஊசித்துளை தெரியாது. வியர்வையை இழுக்கும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை தானாகக் காயாது, துணி இழுத்தால்தான் உண்டு.

ரேயோன் உடம்பில் விழுகிற அழகு பருத்திக்கு வராது, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் மேசையில் பாம்பாக நெளியும், கழுவினால் நீளத்தில் நன்றாகச் சுருங்கும், தைத்துத் தொங்கவிட்டால் திரும்ப இறங்கும். இரண்டாவது சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரேயோனில் கீழ் மடிப்பு அடிக்கமுன் ஒரு இரவு தொங்கவிட வேண்டும். பொலியெஸ்டர் வேண்டாம். கடைக்குள் ஏசியில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரியும்.

கடைக்காரர் "சுத்தக் கொட்டன்" என்று சத்தியம் பண்ணுறார். எப்படி நம்புறது?

ஓரத்தில் நாலைந்து நூலை உருவி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே குறட்டால் பிடித்து நெருப்பு வையுங்கள். பருத்தியும் ரேயோனும் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கறுத்த குண்டுமணியாக இறுகும். எரிந்த பிறகு சாம்பலோடு சின்னக் கட்டியும் வந்தால் கலப்புத் துணி. கலப்பென்றால் தைக்கக்கூடாது என்றில்லை, பருத்தி விலையைக் கொடுக்கக்கூடாது.

கழுவாமல் தைத்தால் என்ன? புதுத்துணியின் மினுக்கம் போயிடுமே.

மினுக்கம் முதல் கழுவலில் எப்படியும் போகும். சட்டையாகிய பிறகு போனால் நீளமும் கூடவே போகும். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குவது சாதாரணம். 35 அங்குலப் பாவாடையில் அது ஒன்றே முக்கால் அங்குலம் வரை போகும். வாங்கிவந்த அன்றைக்கே நனைத்து, நிழலில் காயவைத்து, அரை ஈரத்தில் அயன் பண்ணிவிட்டுத்தான் வெட்டு.

மேல் பகுதியை எதை வைத்து வெட்டுறது? டீ-ஷேர்ட்டை வைக்கலாமா?

டீ-ஷேர்ட் இழுபடுகிற துணி, நாம் வெட்டப்போவது இழுபடாத துணி. அதை அப்படியே வைத்து வெட்டினால் தலையில் நுழைந்தாலும் தோளுக்குக் கீழே இறங்காது. அதைவிட நல்ல பெட்டர்ன் எல்லோர் அலுமாரியிலும் இருக்கிறது: அளவாகப் பிடிக்கிற ஒரு பருத்திப் பஞ்சாபி டொப். தோள் சரி, கைக்குழி சரி, மார்பில் போதிய தளர்வும் ஏற்கெனவே இருக்கிறது.

செய்வது இப்படி. துணியின் இரண்டு கரைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். 44 அங்குலத்தில் இரண்டு பக்கமும் 11 அங்குல மடிப்புக் கிடைக்கும், ஒன்றில் முன் துண்டு, மற்றதில் பின் துண்டு. டொப்பை நீளவாட்டில் நடுவால் மடித்து, அதன் மடிப்பைத் துணி மடிப்பின்மேல் வைத்து, கையை உள்ளே தள்ளிவிட்டு, தோள், கைக்குழி, பக்கம் மூன்றையும் சோக்கால் கீறுங்கள். சுற்றிவர அரை அங்குலம் தையலுக்கு விடுங்கள். பிறகு டேப்பை வைத்துச் சரிபாருங்கள்: மார்பு 36 உள்ளவருக்கு, 4 அங்குலத் தளர்வோடு 40, அதில் கால்வாசி 10, தையல் அரை, ஆக மடிப்பிலிருந்து பக்கம் வரை 10½. இதற்குக் குறைந்தால் டொப் இறுக்கம், கூட்டிக் கீறுங்கள். கை வைக்காத சட்டையென்றால் கைக்குழியின் அடியை அரை அங்குலம் மேலே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளாடை தெரியும். இடுப்புக்கு வந்ததும் உடம்பு வளைவோடு உள்ளே போகவேண்டாம், பக்கத்தை நேராகவே இறக்குங்கள். அங்கே பிடிக்கிற வேலை இலாஸ்டிக்குடையது.

டீ-ஷேர்ட்டைத் தவிர வேறு வழியில்லை என்றால், பக்கத்திலும் கைக்குழியிலும் அரைக்குப் பதில் ஒன்றரை அங்குலம் விட்டுக் கீறி, அதே 10½ கணக்கால் சரிபாருங்கள்.

அப்ப சேலை பிளவுஸை வைத்து வெட்டலாம்தானே? அது இன்னும் சரியாகப் பிடிக்குமே.

சரியாகப் பிடிப்பதுதான் பிரச்சினை. பிளவுஸில் டார்ட், அதாவது கூர்மடிப்பு, பிடித்துத் துணியை உள்ளே ஒளித்திருக்கிறார்கள், மேசையில் வைத்துக் கீறினால் அந்தத் துணி கணக்கில் வராது. அது கொக்கி போட்டுத் திறந்து மூடுகிற சட்டை. நம்முடையது தலையால் போடுவது. தோள் அகலத்தைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கழுத்து வெட்டப் பயமாக இருக்கு.

பயப்படவேண்டிய இடம்தான். இரண்டு கணக்கு ஞாபகத்தில் இருந்தால் போதும். ஒன்று, வளர்ந்தவர்களின் தலைச்சுற்று 22, 23 அங்குலம். கழுத்துச் சுற்று குறைந்தது 24 இருந்தால்தான் பின்னால் திறப்பு வைக்காமல் போடலாம். நடு மடிப்பிலிருந்து அகலம் 3½, முன் இறக்கம் 6, பின் இறக்கம் 2 என்று வளைத்துக் கீறினால் சுற்று ஏறத்தாழ 24 வரும். இரண்டு, பட்டி வைத்து உள்ளே மடித்ததும் கழுத்து இன்னும் கொஞ்சம் பெருக்கும். ஆகவே கீறிய கோட்டுக்குக் கால் அங்குலம் உள்ளே, சின்னதாகவே வெட்டுங்கள். தோளைத் தைத்து, தலையில் போட்டு, கண்ணாடியில் பார்த்துவிட்டு மிச்சத்தை வெட்டலாம். 6 அங்குல இறக்கம் கூட என்று நினைப்பவர்கள் 4½ வைத்து, பின்னால் ஒரு வெட்டும் ஒரு பொத்தானும் வைக்கட்டும்.

ஓரத்துக்கு மிஞ்சிய துணியில் குறுக்காக, அதாவது மூலைக்கு மூலை சாய்வாக, ஒன்றேகால் அங்குல அகலத்தில் பட்டி வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால்தான் வளைவில் படிந்து வரும், நேராக வெட்டிய பட்டி சுருங்கி நிற்கும். நல்ல பக்கத்தில் வைத்துக் கால் அங்குலத்தில் தைத்து, வளைவில் சின்னச் சின்னதாக நறுக்கி, உள்ளே திருப்பி, ஓரத்தை மடித்து அடியுங்கள். கைக்குழிக்கும் இதே வேலை.

ஸிப் வைக்கத் தேவையில்லையா?

இல்லை. இடுப்பில் துணி 40 அங்குலம், உங்களை இறுக்குவது உள்ளே போகும் இலாஸ்டிக். போடும்போது விரியும். இடுப்பை உடம்பளவுக்கு வெட்டுகிறவர்களுக்குத்தான் ஸிப் தலையிடி.

சுருக்கு வைத்தால் ஒரு பக்கம் குவியுது, மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கு. என்ன செய்ய?

பாவாடையின் இரண்டு துண்டையும் பக்கத்தில் சேர்த்ததும் சுற்று 86 அங்குலம். அதை மேல் பகுதியின் 40-க்குச் சுருக்கவேண்டும், இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. இழுக்கமுன் பாவாடையின் மேல் ஓரத்தை நாலாகப் பிரித்துக் குண்டூசி குத்துங்கள். மேல் பகுதியின் கீழ் ஓரத்தையும் நாலாகப் பிரியுங்கள். நாலை நாலோடு பொருத்திக் குத்திவிட்டால் குவிந்தாலும் ஒரு காலுக்குள்தான் குவியும், விரலால் தள்ளிச் சரிசெய்யலாம்.

மெஷினில் தையல் நீளத்தை ஆகக் கூட்டி, ஓரத்திலிருந்து அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு வரி ஓடுங்கள். முழுச் சுற்றையும் ஒரே நூலில் ஓடாமல் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று நிறுத்துங்கள். அடி நூலை, அதாவது பொபின் நூலை மட்டும் இழுக்கவேண்டும், இரண்டு வரியையும் ஒன்றாக. ஒற்றை வரி போட்டு இழுத்தால் பாதியில் அறுந்து பொறுமையைச் சோதிக்கும்.

இலாஸ்டிக் எவ்வளவு நீளம், எங்கே ஓட்டுறது?

இடுப்பளவில் 2 அங்குலம் குறைத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க ஒரு அங்குலம் சேருங்கள். 32-க்கு 31 வெட்டினால் போதும். ஆனால் வெட்டமுன் இடுப்பில் சுற்றிப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், சாப்பிட்ட பிறகு என்றால் இன்னும் நல்லது. அகலம் அரை அங்குலம் காணும்.

இடுப்புத் தையலுக்கு ஒரு அங்குலம் விட்டது இதற்காகத்தான். சேர்த்த பிறகு அந்த ஓரத்தை மேல்நோக்கி மடித்து அயன் பண்ணி, அதன் மேல் விளிம்பைச் சட்டையோடு சேர்த்து அடித்தால் குழாய் தயார். இரண்டு அங்குலம் திறந்து விட்டு, சேஃப்டி பின்னில் மாட்டி ஓட்டுங்கள். அந்தத் திறப்பைக் கையால் லேசாக மூடுங்கள், மெஷினால் அடைக்கவேண்டாம். வியர்வையிலும் வெயிலில் காய்வதிலும் இலாஸ்டிக் துணிக்கு முந்திச் செத்துவிடும், மாற்ற வழி இருக்கட்டும்.

ஓவர்லொக் மெஷின் இல்லை. நூல் பிரிந்து போகாதா?

தோள், பக்கம், பாவாடைப் பக்கம் ஆகிய நேர்த் தையல்களை இரட்டையாகத் தைத்தால் ஓவர்லொக்கே வேண்டாம். நல்ல பக்கம் வெளியே இருக்க, இரண்டு துண்டையும் சேர்த்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். ஓரத்தை ஒட்ட நறுக்கிவிட்டுத் திருப்புங்கள், இப்போது நல்ல பக்கம் உள்ளே. மறுபடி கால் அங்குலத்தில் ஒரு தையல். வெட்டிய ஓரம் உள்ளே அடைபட்டுவிடும். நாம் விட்ட அரை அங்குலமும் சரியாக முடிந்துவிடும். மெல்லிய துணியில் உள்பக்கம்கூட வடிவாகத் தெரியும். பொறுமையில்லாவிட்டால் துண்டுகளை வெட்டிக் கொண்டுபோய்த் தெருமுனைத் தையல்காரரிடம் ஓரம் மட்டும் அடித்து வாங்குங்கள், பெரும்பாலானவர்கள் செய்து கொடுப்பார்கள்.

பொக்கெட்?

வையுங்கள். உள்ளங்கையைத் துணியில் வைத்துச் சுற்றி ஒன்றரை அங்குலம் விட்டுக் கீறினால் அதுதான் அளவு. நாலு துண்டு. இடுப்புத் தையலுக்கு 3 அங்குலம் கீழே தொடங்கட்டும். பொக்கெட் வருகிற இடத்தில் மட்டும் இரட்டைத் தையலை விட்டுவிட்டுச் சாதாரணத் தையல். பெரிய ஃபோன் வைப்பவர்கள் இடுப்பு இழுபடுகிறது என்று பிறகு குறைசொல்லக்கூடாது.

வெளிச்சத்தில் கால் தெரியுது. முழுக்க லைனிங் வைத்தால் அவியாதா?

அவியும். அதனால் முழுக்க வேண்டாம். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை மெல்லிய வெள்ளை வொயிலில் ஒரு சுற்று, சுமார் 50 அங்குலம், போதும். பாவாடையோடு சேர்த்து இடுப்புத் தையலிலேயே பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் சேலைக்குக் கட்டும் உள்பாவாடை இருக்கவே இருக்கிறது. கடையில் துணியைக் கையின்மேல் விரித்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், விரல்கள் எண்ணக்கூடியதாகத் தெரிந்தால் லைனிங் வேண்டும்.

பஸ்ஸில் ஏறும்போது மிதிபடாதா? காற்றடிச்சால்?

தரையிலிருந்து 2 அங்குலம் மேலே என்று சொன்னது சமதரைக்கு. தினமும் பஸ் ஏறுகிறவர்கள் 3 அல்லது 4 வையுங்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கினால் வீதியில் நிற்கிற தண்ணீர் எல்லாம் கீழ் மடிப்பில்தான் ஏறும். ஓட்டோவில் ஏறினால் பாவாடையை முழுக்க மடியில் அள்ளிக்கொண்டு இருங்கள், ஓரம் வெளியே தொங்கிச் சில்லுக்குள் போனால் விளையாட்டில்லை.

கீழ்ச்சுற்று 60 அங்குலத்துக்குக் குறைந்தால் படியில் கால் எட்டாது. 58 அகலத் துணியில் ஒரே துண்டால் தைத்தவர்கள் ஒரு பக்கத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை திறந்து விடுங்கள். காற்றுக்கு மருந்து கனமான கீழ் மடிப்பு. மரைன் டிரைவிலும் காலிமுகத்திடலிலும் அகலப் பாவாடை குடையாக எழும்பும். மெல்லிய துணியில் ஒன்றரைக்குப் பதில் 2½ அங்குலம் மடித்தால் அந்தக் கனமே கீழே பிடித்துவைக்கும்.

எல்லாம் நேராகத்தான் வெட்டினேன். ஆனால் முன்பக்கம் தூக்கி நிற்குது, பின்பக்கம் இழுபடுது.

வெட்டியதில் பிழையில்லை. வயிறு முன்னுக்கு இருந்தால் துணி அதன்மேல் ஏறி இறங்கவேண்டும், அதற்கு நீளம் செலவாகும். பின்பக்கம் பெரிதாக இருந்தால் அங்கே தூக்கும். கீழ் மடிப்பை மேசையில் வைத்து அளக்காதீர்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்போடு, நேரே பார்த்து நில்லுங்கள். இன்னொருவர் அடிமட்டத்தைத் தரையில் நிறுத்தி, சுற்றிவர ஒரே உயரத்தில் சோக் புள்ளி வைக்கட்டும். நீங்கள் குனிந்து பார்த்தால் கோடும் குனியும்.

முன்பே தெரிந்தால் இன்னும் நல்லது. முன் துண்டைப் பின் துண்டைவிட ஒரு அங்குலம் நீளமாக வெட்டி, அந்த ஒன்றை மேல் ஓரத்தில், நடுவில் ஒன்று பக்கத்தில் சைபர் என்று சாய்த்துவிடுங்கள். கீழ் ஓரம் நேராகவே இருக்கும்.

ஆறு மாசம். இப்பவும் போடவேணும், பிள்ளை பிறந்த பிறகும் போடவேணும்.

பிடிக்கிற இடத்தை இடுப்பிலிருந்து மார்புக்குக் கீழே மாற்றுங்கள். தோளிலிருந்து அங்கே வரை அளந்து மேல் பகுதியைக் குறையுங்கள், குறைந்ததைப் பாவாடையில் கூட்டுங்கள், முன்பக்கத்துக்கு மேலே சொன்ன ஒன்றுக்குப் பதில் 2 அங்குலம். இலாஸ்டிக் இறுக்கவே கூடாது, தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். பால் கொடுக்க முன்கழுத்தின் நடுவில் ஒரு வெட்டு வைத்து பொத்தான் பட்டி தையுங்கள். இந்தச் சட்டைக்கு நீட்டி வெட்டிய துணியில் கஞ்சத்தனம் வேண்டாம், பிறகு இலாஸ்டிக்கை மாற்றினால் வழக்கமான சட்டையாகிவிடும்.

கோயிலுக்கும் போடலாமென்று பார்க்கிறேன். கை வைக்கிறது கஷ்டமா? முழுக்கை வருமா?

கைக்குழி வளைவில் கையை ஏற்றுவது பழகாதவர்களுக்குக் கஷ்டம்தான். அதைத் தவிர்க்க வழி, வெட்டும்போதே தோளை வெளியே நீட்டுவது. கழுத்திலிருந்து தோள் நுனி தாண்டி இன்னும் 4 அங்குலம் சாய்வாகக் கீறி, அங்கிருந்து 9 அங்குலம் கீழே இறங்கி, உள்ளே வளைத்துப் பக்கத்தோடு சேருங்கள். மூடிய தோளோடு சின்னக் கை வந்துவிடும். இப்படி வெட்டினால் 11 அங்குல மடிப்பில் அடங்காது. அரை மீற்றர் கூட வாங்கி முன்னையும் பின்னையும் தனித்தனியாக வெட்டவேண்டும்.

முழுக்கை கேட்பவர்கள் இந்தச் சின்னக் கையின் முனையில் ஒரு நேர்த் துண்டைச் சேர்க்கலாம். 19 அங்குலச் சுற்று, உங்களுக்குத் தேவையான நீளம், மணிக்கட்டில் மெல்லிய இலாஸ்டிக். அபாயா போடுகிற தோழிகளுக்குத் தைத்ததெல்லாம் இப்படித்தான். அக்குளில் இழுபட்டால் அங்கே 4 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்சதுரமாக வைத்துத் தையுங்கள்.

அம்மாவின் பழைய சேலை ஒன்று இருக்கு. அதிலே தைக்கலாமா?

தைக்கலாம், கரை வைத்த பருத்திச் சேலையென்றால் இன்னும் நல்லது. இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. துணியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். சேலையின் கரை பாவாடையின் கீழ் ஓரமாக வரட்டும், சேலையின் அகலம் பாவாடையின் நீளமாகட்டும். கீழ் மடிப்பே தேவையில்லை. அகலம் 45 அங்குலம் அளவில் இருக்கும், நமக்கு வேண்டியது 36. மிஞ்சுகிற நீளப் பட்டி இடுப்பில் கட்டும் நாடாவுக்கு உதவும். சேலை நீளத்தில் இரண்டரை மீற்றர் பாவாடைக்கு, ஒரே ஒரு பக்கத் தையல். மிச்சத்திலும் முந்தானையிலும் மேல் பகுதி. கரை இருப்பதால் கீழ் ஓரத்தை வெட்டிச் சரிசெய்ய முடியாது, ஆகையால் முன்னோ பின்னோ தூக்குகிற பிரச்சினையை மேல் ஓரத்திலேயே தீர்க்கவேண்டும்.

பழைய பட்டென்றால் மடித்து வைத்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது சட்டையாகத் தாங்காது. அம்மாவிடம் கேட்காமல் வெட்டவேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தைத்து முடிஞ்சுது. அளவும் சரி. ஆனால் நைட்டி மாதிரி இருக்கு!

அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். முதலில் இடுப்பைப் பாருங்கள். அநேகமாக இலாஸ்டிக் தளர்ந்து சட்டை தோளில் மட்டும் தொங்குகிறது. ஒரு அங்குலம் குறையுங்கள், அல்லது அதே துணியில் ஒரு நாடா கட்டுங்கள். அடுத்தது தோள். தையல் உங்கள் தோள் எலும்பைத் தாண்டி வெளியே விழுந்தால் எவ்வளவு நல்ல துணியும் இரவுச் சட்டையாகத்தான் தெரியும். கை வைக்காதது என்றால் பட்டியைப் பிரித்து, தோளை முக்கால் அங்குலம் உள்ளே வெட்டி, திரும்பப் பட்டி வையுங்கள். அக்குளுக்குக் கீழே துணி கூடாரமாக நின்றால் பக்கத் தையலை இடுப்பு வரை அரை அங்குலம் உள்ளே பிடிக்கலாம். 40-இல் 2 அங்குலம் குறையும், அதற்கு மேல் போனால் தலையால் போட முடியாது.

இவ்வளவும் செய்தும் மாறவில்லை என்றால் காரணம் துணி. சின்னச் சின்னப் பூ, வெளிறிய நிறம், கழுத்தில் லேஸ், மூன்றும் சேர்ந்தால் எந்த வெட்டாலும் காப்பாற்ற முடியாது. லேஸைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை ஒரே நிறத் துணியோ பெரிய கோடு போட்டதோ எடுங்கள். கோடு என்றால் பக்கத் தையலில் பொருத்துவதற்குக் கால் மீற்றர் கூட வேண்டும்.